பசுமை நாயகன் சைக்கிள் மிதித்த ஞாயிறு

"ரஞ்சனி, இந்தப் பூமியை நான் காப்பாத்தப் போறேன்!"

"அதுக்கு முன்னாடி அந்த ஏசியைக் குறைங்க. குளிருது."

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தர்மராஜ். டிவி சீரியலில் நல்ல மாமனாராக வருஷக்கணக்கில் அழுதுகொண்டிருப்பவன். அழுத காசில் ஸ்ரீரங்கத்தில் காவிரியைப் பார்த்தாற்போல் வீடு, அறைக்கு ஓர் ஏசி, கப்பல் மாதிரி ஒரு கார். போன மாதம்தான் ஒரு சங்கத்தார் எனக்குப் 'பசுமை நாயகன்' பட்டம் கொடுத்தார்கள்.

"பசுமையா? பசு நம்ம வீட்ல இல்லையே. மைதான் இருக்கு, உங்க தலையில" என்றாள் என் மனைவி.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் 'காரில்லா ஞாயிறு' கூட்டம். ஸ்ரீரங்கத்திலிருந்து நான் சைக்கிளிலேயே வருவதாக ஊரெல்லாம் போஸ்டர். நான் சைக்கிள் தொட்டது பள்ளிக்கூடத்தோடு சரி.

"சைக்கிளை கார்ல போட்டுக்குவோம். பாலம் தாண்டினதும் ஒரு சந்துல என்னை இறக்கி விடு. அங்கேருந்து மிதிக்கிறேன். நீ கார்லயே இரு. திரும்புறதும் அப்படியே!"

"இது எப்படிங்க காரில்லா ஞாயிறு?"

"மேடையில கார் இருக்காதே!"

"சரிங்க."

இவள் இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' சொன்னால் எங்கேயோ இடிக்கப்போகிறது என்று அர்த்தம். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திட்டம் பிரமாதமாக நடந்தது. சந்தில் இறங்கினேன். முகத்தில் பாட்டில் தண்ணீரைத் தெளித்து வியர்வை வரவழைத்தேன். கேமராக்கள் மின்ன, கூட்டத்துக்குள் சைக்கிளில் தள்ளாடிக்கொண்டே போய் நின்றேன். மைக்கைப் பிடித்ததும் கைதட்டல் தலைக்கேறிவிட்டது.

"என் கார் இனி எனக்கு வேண்டாம்! தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. சந்தில் இருக்கவேண்டிய ரஞ்சனி மேடையேறி வந்தாள். கூடவே, கூட்டத்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அனிஷா. டயாலிசிஸுக்குப் போகும் ஏழைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி தேடி அலைந்துகொண்டிருந்தவர்.

"எங்க வீட்டுக்காரர் சொன்னா செய்வார்" என்று மைக்கில் சொல்லி, கார் சாவியை அனிஷாவின் கையில் வைத்தாள்.

"அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யணும் சார்" என்றார் அனிஷா. குரல் உடைந்தது. கிளிசரின் இல்லாமலே எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஆச்சரியம்தான்.

கீழே இறங்கியதும் ரஞ்சனியின் காதைக் கடித்தேன். "அடியே, நான் பேசினது வசனம்டி!"

"தெரியுங்க. ஒரு தடவை நிஜமாகட்டுமேன்னுதான்."

வேறு வழி? உச்சிவெயிலில் மிதித்தேன். முழங்கால் கத்தியது. ஆனால் பாலத்தின் மேல் ஏறியதும் காவிரிக் காற்று முகத்தில் அடித்தது பாருங்கள்! கண்ணாடி ஏற்றிய காரில் எத்தனையோ முறை இதே பாலத்தைத் தாண்டியிருக்கிறேன். இந்தக் காற்று இங்கேயேதான் இருந்திருக்கிறது. மனசும் லேசாகிவிட்டது. நல்ல காரியம்தான் செய்துவிட்டேன் போலிருக்கிறது.

நெரிசலில் ஒரு டவுன் பஸ் என் பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னலோர சீட்டில் ரஞ்சனி.

"இரு, நானும் ஏறிக்கிறேன்!"

"சைக்கிளை ஏத்த மாட்டாங்களாம், கேட்டுட்டேன். மெதுவா வாங்க!" பஸ் நகர்ந்தது. அவள் தலையை நீட்டிக் கத்தினாள்: "அடுத்த ஞாயிறு தஞ்சாவூர்ல கூட்டமாம். சைக்கிள்லயே வந்துடுவார்னு சொல்லிட்டேன்!"