விமர்சனப் புயலும் ஓர் ஆயிரம் வாலாவும்

வாய் உள்ளவனுக்கு வரும் துன்பங்களில் பாதி, அவனைப் பேசக் கூப்பிடுவதால் வருகிறது. மீதிப் பாதி, கூப்பிடாமலே அவன் போய்ப் பேசுவதால் வருகிறது. நான் இரண்டு பாதியையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் சேர்த்து அனுபவித்தவன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சொந்த ஊர் மல்லாங்கிணறு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சுமுகமாகப் பிரிந்துவிட்டோம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷினில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே விழுகிற கழிவுத் தாள்களைப் பொறுக்கி வாசித்தே அறிவை வளர்த்தேன். (அதனால் எந்த விஷயத்திலும் எனக்குத் தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது. நடுவில் எட்டுப் பக்கம் மட்டும் பிரமாதமாகத் தெரியும்.)

வாட்ஸ்அப் எங்கள் பக்கம் வந்த புதிது. பழைய படங்களின் துண்டுக் காட்சிகள் செல்போன் செல்போனாகச் சுற்றும். அவற்றைக் கிண்டலடித்து நான் அனுப்பும் குரல் பதிவுகளுக்கு மூன்று குழுக்களில் ரசிகர்கள் இருந்தார்கள். டீக்கடையில் “வாங்க விமர்சகரே” என்பார்கள். நானும் அதை மரியாதை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அதே அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தாள் செல்வி. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. (ஏன் என்று இன்றுவரை அவளாலேயே சொல்ல முடியவில்லை.) பாக்கி இருந்தது அவள் அம்மா மாரியம்மாளின் சம்மதம் மட்டும்தான். அவர்களுக்கு ஊர் எம். புதுப்பட்டி. அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவர். செல்வியின் அப்பா எதைக் கேட்டாலும் “அவகிட்டக் கேட்டுக்கங்க” என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் தடவுகிற மனிதர்.

ஒருநாள் செல்வி வந்து சொன்னாள்: “அம்மா ஆளைப் பாக்கணுங்குது. எங்க ஊர் பங்குனிப் பொங்கலுக்குப் பட்டிமன்றம் வச்சிருக்காக. நீங்க பேசுறதைக் கேட்டுட்டு முடிவு சொல்லுதாம்.”

“தலைப்பு என்ன?”

“பழைய படங்களைப் பழசாப்போச்சுன்னு குறை சொல்றது நியாயமா, நியாயமில்லையா.”

நான் சிரித்துவிட்டேன். மீனைக் கூப்பிட்டு நீச்சல் தெரியுமா என்று கேட்கிறார்கள். ‘நியாயமே’ அணியில் கடைசிப் பேச்சாளராகப் பெயர் கொடுத்தேன்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பேச்சைத் தயார் செய்திருப்பான். நான் சிவகாசியில் வேலை பார்க்கிறவன் அல்லவா, லேபிளைத் தயார் செய்தேன். என் படம், தலைக்குப் பின்னால் சூரியக் கதிர், கீழே ‘விமர்சனப் புயல் மல்லாங்கிணறு முருகேசனின் வெற்றி முழக்கம்’ என்று நான்கு வண்ணத்தில் அச்சடித்து, ஓர் ஆயிரம் வாலாச் சரத்தின் மேல் சுற்றி ஒட்டினேன். பேசுவதற்கு முன்பே வெற்றிக்கு லேபிள் ஒட்டியவன் அந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சரம் வாங்கி வந்தது நண்பன் கருப்பசாமி. லோடு ஏற்றுகிற வேலை. சொன்னதைச் சொன்னபடி செய்வான், யோசிப்பது மட்டும் அவன் வழக்கமில்லை.

“ஏலே முருகேசா, எப்பப் பத்தவைக்க?”

“மேடைக்குப் பின்னாடி பொட்டல்ல விரிச்சு வச்சுக்க. கைதட்டு எப்ப உச்சத்துக்குப் போகுதோ, அப்பப் பத்தவை.”

“அம்புட்டுத்தான?”

“அம்புட்டுத்தான்.”

ஞாயிறு சாயங்காலம் கோயில் முன்னால் பந்தல் நிறைந்து கிடந்தது. முன்வரிசையில் கம்பெனிப் பெண்கள், அவர்களுக்கு நடுவே மாரியம்மாள். எவ்வளவு குளித்தும் விரல் நுனிகளில் போகாத பட்டாசு மருந்தின் வெள்ளிப் பூச்சு தூரத்திலிருந்தே தெரிந்தது. நான் கும்பிட்டேன். அவர் தலையை ஆட்டவில்லை. சரத்தில் முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

என் முறை வந்தது. நான் ஒரே ஒரு பழைய படத்தை எடுத்துக்கொண்டேன். (பெயர் சொல்ல மாட்டேன். வீட்டில் இதைப் படிப்பார்கள்.) அதில் கிழட்டு அப்பா ஒருவர், ஓடிப்போன மகளின் கடிதத்தை வாசிக்கும் காட்சி அப்போது செல்போன்களில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது.

“கடிதத்தில் இருப்பது நாலு வரி!” என்று முழங்கினேன். “வாசிக்க எடுத்துக்கொள்வது நாலு நிமிஷம்! நடுவில் மூன்று இடி! ஒரு பூச்சாடி தானாக விழுகிறது! எங்கள் தெரு எல்.கே.ஜி. பிள்ளையிடம் கொடுத்தால் அரை நிமிஷத்தில் வாசித்துவிட்டு மிட்டாய் கேட்கும்! அந்தப் படத்தில் கதாநாயகன் மனைவியை அறைகிறான், அதற்குப் பின்னணியில் வீணை! இதைப் பழசு என்று சொல்லாமல் பச்சைக் குழந்தை என்றா சொல்வது?”

சிரிப்பு கிளம்பியது. எனக்கே என்னைப் பிடித்துப்போனது. கைதட்டும் வந்தது. ஆனால் கருப்பசாமி பத்தவைக்கவில்லை. இது உச்சமில்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. (பின்னால் கேட்டபோது, “மூணாம் வரிசையில பாதிப் பேரு மொச்சைப் பயறு தின்னுக்கிட்டு இருந்தாக” என்று கணக்குச் சொன்னான்.)

அடுத்து எதிரணியில் கடைசி ஆள் பேச வேண்டும். அவர் விருதுநகரிலிருந்து வந்த பஸ் வழியில் பஞ்சர். நடுவர் கூட்டத்தைப் பார்த்து, “பழைய படத்துக்காகப் பேச உங்கள்ல யாராச்சும் இருக்கீகளா?” என்று கேட்டார்.

கம்பெனிப் பெண்கள் மாரியம்மாளை எழுப்பித் தள்ளினார்கள். அவர் மேடையேறி, மைக்கைச் சரத்தைப் பிடிப்பதுபோலவே இரண்டு கையாலும் பிடித்தார்.

“தம்பி நல்லாப் பேசுனாக. ஒரே ஒரு கேள்வி. தம்பி, நீங்க அந்தப் படத்தை முழுசாப் பாத்தீகளா?”

நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.

“ம்… கடிதம் வாசிக்கிற காட்சி…”

“அதைக் கேக்கல. முழுசா.”

“இல்ல… அத்தை.” (அத்தை என்றது வியூகம். பலிக்கவில்லை.)

“அதான பாத்தேன். அந்த மனுசனுக்கு எழுத்தே தெரியாது தம்பி. மக போனப்புறம்தான், அவ கடிதாசியை அடுத்தவுக வாசிச்சுக் கேக்கக் கூடாதுன்னு, டீக்கடைப் பலகையைப் பாத்துப் பாத்து ஒவ்வொரு எழுத்தாப் படிப்பாரு. படத்துல பாதி அதுதான். அது அவரு வாசிக்கிற மொத கடிதாசி. நாலு நிமிசம் ஆகாம?”

மாரியம்மாள் மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“நான் டூரிங் டாக்கீஸ்ல அந்தப் படம் பாக்கையில எனக்கும் ஒரு எழுத்துத் தெரியாது. அப்புறம் முதியோர் வகுப்புக்குப் போயிப் படிச்சேன். என் மூத்த மகன் ஹாஸ்டல்லருந்து போட்ட கடிதாசியை நானே வாசிச்சேன். எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. அந்த மனுசன் நாலு நிமிசத்துல முடிச்சிட்டாரே, படத்துல அது ஒண்ணைத்தான் என்னால நம்ப முடியல!”

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் எழுந்தது.

“இன்னொண்ணு. அந்த அறை. அது பழசாப்போச்சுங்காரு தம்பி. பழசானதுனால தப்பில்ல, அது அன்னைக்கே தப்பு! நாங்க பொம்பளைக அம்புட்டுப் பேரும் மண்ணை அள்ளித் திரையில எறிஞ்சோம். ‘ஏலே, கையை எடுறா’ன்னு கத்துனோம். குறை சொல்லுங்க தம்பி, வேண்டாங்கல. பத்தவச்சுப் பாக்காம நமுத்த வெடின்னு மட்டும் சொல்லாதீக!”

அவ்வளவுதான். பந்தல் எழுந்து நின்றது. மொச்சைப் பயறு தின்றவர்களும் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டுத் தட்டினார்கள். என் அணிக்காரர்கள் தட்டினார்கள். என் கைகளும் தட்டிக்கொண்டிருந்ததை நானே அப்போதுதான் கவனித்தேன்.

உச்சம். கருப்பசாமி பத்தவைத்தான்.

ஐம்பது வெடி வெடித்துச் சரம் நின்றது. நடுவர் “ஆகவே தீர்ப்பு…” என்றார். டமார். காத்திருந்தார். அமைதி. “ஆகவே…” டமார் டமார். எங்கள் வட்டாரக் கூட்டத்துக்கு இதைவிடப் பெரிய கலை நிகழ்ச்சி இல்லை. “திரி விட்டுப்போயிருக்கு”, “போன சீசன் மிச்சம்டா இது”, “பின்னுனவ யாருடி?” என்று தலைக்குத் தலை கருத்துச் சொன்னார்கள்.

அப்போதுதான் காற்றில் ஏறி, பாதி எரிந்து, ஆடி அசைந்து வந்தது என் லேபிள். சொல்லிவைத்ததுபோல மாரியம்மாளின் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மைக்கில் வாசிக்க ஆரம்பித்தார், அந்தப் படத்து அப்பாவைப் போலவே, ஒவ்வொரு எழுத்தாக:

“வி… மர்… ச… னப்… பு… யல்…”

நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டார். என் கணக்கில் அது நாலு வருஷம்.

மேடையை விட்டு இறங்கும் வழியில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மாரியம்மாள் பின்னாலேயே வந்தார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க.”

“எதுக்கு அத்தை?”

“படம் பாக்க. முழுசா. நடுவுல எந்திரிச்சா பொண்ணு கெடையாது.”

போனேன். எனக்குப் பெண் பார்க்கும் படலம் கிடையாது, படம் பார்க்கும் படலம்தான். இரண்டே முக்கால் மணி நேரம் சம்மணம் போட்டு அமர்ந்தேன். கடிதக் காட்சி வந்தபோது என் கண்ணில் தூசி விழுந்தது. இரண்டு கண்ணிலும் விழுந்தது. மூக்கிலும். மாரியம்மாள் திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே திரும்பிச் சொன்னார்: “செல்வி, மாப்பிள்ளைக்குக் காப்பி கொண்டா.”

“ஆனாலும் அத்தை,” என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “அந்தப் பூச்சாடி அதிகம்தான்.”

“அது அதிகம்தான்” என்றார் அத்தை.

அந்த லேபிளை அவர் லேமினேஷன் செய்து டிவிக்கு மேல் மாட்டியிருக்கிறார், எரிந்த ஓரத்தோடு. அந்த வீட்டில் என் பெயர் இன்றைக்கும் புயல்தான். “புயல் கரையைக் கடந்துருச்சா?” என்றால் நான் பஸ் ஏறிவிட்டேனா என்று அர்த்தம். சாம்பாரில் உப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது. “முழுசாச் சாப்பிட்டீகளா?” என்று நாலு பக்கமிருந்தும் கேள்வி வரும்.

போன மாதம் எல்லோரும் அங்கே இருந்தோம். எங்கள் கல்யாணம் நடந்த வருஷம் வந்த ஒரு படத்தை, என் உயிருக்கு நிகரான படத்தை, பதினோரு வயது மகள் “ரொம்பப் பழசுப்பா” என்று சொல்லிவிட்டாள். நான் துள்ளி எழுந்தேன். இத்தனை வருஷம் காத்திருந்த தருணம்.

“நீ அதை முழுசாப் பாத்தியா?”

“ரெண்டு தடவை பாத்தேன்பா. ரெண்டு தடவையும் பழசாத்தான் இருந்துச்சு.”

எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தேன். அத்தைதான் முதலில் கைதட்டினார். அப்புறம் செல்வி. அப்புறம் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு மாமா.

“ஏய், கருப்பசாமியைக் கூப்பிடுங்க,” என்றார் அத்தை. “பத்தவைக்கச் சொல்லுங்க.”