ஆபீசருக்கு விழுந்த படுதா

அரியலூரில் மழை எப்போது வரும் என்றுகூடச் சொல்லிவிடலாம். படுதா அண்ணன் எப்போது படுதாவை இறக்குவார் என்று ஆண்டவனாலும் சொல்ல முடியாது.

எங்கள் தெரு நாடகக் கொட்டகையில் மேடைத் திரையை ஏற்றி இறக்குவது அவர் வேலை. காட்சி முடிந்தால் இறக்குவது ஊர் உலக வழக்கம். இவரோ நடிப்பு பிடிக்காவிட்டால் இறக்கிவிடுவார். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடித்து, தலைப் புழுதியோடு ஓடிவந்து கிரீடம் வைத்துக்கொள்ளும் மன்னன் நான். ஆறு வருஷமாக வாள் குத்துப்பட்டுச் செத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூட முழுதாகச் செத்ததில்லை.

“பாதி வசனம் மிச்சம் இருந்துச்சேண்ணே” என்று ஒருநாள் சண்டைக்கே போனேன்.

“சனங்களுக்கு வூடு வாசல் இருக்குல்ல தம்பி?” என்றார்.

இதில் எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. முதன்முதலாக வேஷம் கட்டியவரின் பெயர், வேஷம், வருஷம் மூன்றையும் படுதாவின் பின்பக்கம் எழுதுவது எங்கள் கொட்டகை வழக்கம். படுதா அண்ணனின் அப்பா காலத்துக்கும் முன்பிருந்தே எழுதுகிறார்கள். காட்சியை முடிக்காதவனுக்கு அதில் இடமில்லை என்பதால், நான் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் கொட்டகையை இடித்துக் கடைகள் கட்டப்போவதாகப் பேச்சு கிளம்பியது. பாரம்பரியக் கட்டடம் என்று அறிவித்தால் தப்பிக்கும். அதற்குச் சிபாரிசு செய்ய ஓர் அதிகாரி வந்தார். எத்தனை காலப் பழசு என்று எழுத்தில் ஆதாரம் கேட்டார். பீரோவைக் குடைந்தோம். கரையான் தின்றது போக ஜிகினாத் தாள்தான் மிஞ்சியிருந்தது.

அதிகாரிக்காக ஒரு நாடகம் போட்டோம். அன்றைக்கு மட்டும் கயிற்றைத் தொடவேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டோம். நாடகத்துக்குத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார் அண்ணன். வாக்குத் தவறாத மனிதர். நான் நிதானமாகச் செத்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு அதிகாரி மேடையேறிக் கலையைப் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில், “ஆனால் எழுத்துபூர்வமான ஆதாரம் எதுவும் இல்லாததால்...” என்றார்.

தொப்பென்று விழுந்தது படுதா.

போச்சு, கொட்டகையை நாளைக்கே இடித்துவிடுவார்கள் என்று மேடைக்கு ஓடினேன். அதிகாரி மைக்கைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். அவர் மூக்குக்கு எதிரே, மேலிருந்து கீழ்வரை, நூறு பேரின் பெயரும் வருஷமும். தினமும் கண்ணெதிரே தொங்கியும், ஆதாரமென்று எங்களுக்குத் தோன்றாமல் போனது அது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். கீழ்மூலைக்கு வந்ததும், “இது யாருங்க?” என்றார்.

என் பெயர்தான். நான் முதல்முதலாகச் செத்த வருஷம். பக்கத்தில் அண்ணனின் கோணல் எழுத்தில், ‘மன்னன், பாதி.’

“அதிகாரிக்குப் போய் இறக்கலாமாண்ணே?” என்று அப்புறம் கேட்டேன்.

“ராசாவுக்கே இறக்குறேன். ஆபீசருக்கு என்னவாம்?”

இப்போது வாசலில் பாரம்பரியக் கட்டடம் என்ற பலகை தொங்குகிறது. அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது, கை நடுங்குகிறது. நான் இன்னமும் மன்னன்தான். சாகிற காட்சி வந்ததும் ஓரக்கண்ணால் கயிற்றைப் பார்ப்பேன். பாதி வசனத்தில் படுதா விழுந்தால்தான் எனக்கு உயிர் வருகிறது.