எம்.பி. வந்த பிறகுதான் தேர்

கோயில் தலைவர் என்றொரு இனம் உண்டு. லண்டனில் எங்கெல்லாம் ஒரு பழைய கிடங்கு விலைக்கு வந்து கோபுரம் முளைக்கிறதோ, அங்கெல்லாம் இந்த இனமும் தானாகவே முளைத்துவிடும். பட்டு வேட்டிக்கு மேலே கோட்டு, கோட்டுக்கு மேலே பொன்னாடை, அதற்கும் மேலே எந்த மேடையிலும் நடுவில் நிற்கப் பழகிய ஒரு முகம். வன்னியில் இவர் வெட்டிக் கொடுத்த கிணற்றில் தண்ணீர் வந்ததோ என்னவோ, பக்கத்துப் பெயர்க்கல்லில் இவர் பெயர் வந்துவிட்டது. கும்பிடும்போது கண்ணை மூடுவாரா? மூடினால் வாசலில் யார் வருகிறார்கள் என்று எப்படித் தெரியும்?

எங்கள் அம்மன் கோயில் கனகநாயகத்தையே பாருங்கள். அன்று தேர்த் திருவிழா. மத்தியானம்வரைதான் பொலிஸ் தெருவை மறித்துத் தந்திருந்தது. அம்மன் தேரேறியாயிற்று, சனம் வடம் பிடித்தாயிற்று. தேர் அசையவில்லை. தேர்தல் வருகிறது, எம்.பி. இன்னும் வரவில்லை.

தேருக்குப் பின்னால் ஈரச் சேலையோடு புஸ்பராணி அக்கா நின்றார். போரில் காணாமல் போன மகனுக்காக, தேர் போகும் வீதி முழுக்க அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிப்பதாக நேர்த்திக்கடன்.

"தலைவர், தேரை விடுங்கோவன். நேரம் போகுதெல்லே?"

"பொறுங்கோ அக்கா. அம்மாள் எங்கயும் ஓடமாட்டா. எம்.பி.க்கு இன்னும் ரெண்டு கோயில் கிடக்கு."

எம்.பி. வந்தார். பரிவட்டம், மாலை, பொன்னாடை. 'வணக்கம்' என்று ஒரு சொல் சொல்லி, மீதியை ஆங்கிலத்தில் முடித்தார். தலைவர் அதைத் தமிழில் இழுத்து இழுத்துப் பெருக்கினார்: "காணாமல் போன எங்கட பிள்ளையளுக்காக ஐயா பாராளுமன்றத்தில முழங்குவார்!" கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று.

தேர் முதல் மூலை திரும்பவும் பொலிஸ்காரர் கையைக் காட்டினார். நேரம் முடிந்தது. வந்த வழியே தேரைத் திருப்பினார்கள்.

"அக்கா, எழும்புங்கோ! கார் விடப்போறாங்கள்!"

"நான் பாதி வீதிகூட அழிக்கேல்லையே!" தாரில் கிடந்தபடியே அவர் அழுதார்.

தலைவர் குனிந்து ஆறுதல் சொன்னார்: "உங்கட மகனுக்காகத்தானே அக்கா இவ்வளவும் செய்தது."



நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்களா? நல்லது. அன்று கைதட்டிய நாங்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னோம். பிறகு வட்சப்பில் திருவிழாப் படம் வந்ததும் பெரிதாக்கிப் பார்த்தீர்களே, அக்காவையா தேடினீர்கள்?