நீ வாங்கிக்கொடுத்த கிட்டார் பத்திரமாக இருக்கிறது

மரியாதையும் கொஞ்சம் பயமும் உள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சௌக்கியம். எனக்கு முழங்கால் வலி, அவளுக்கு என்னால் தலைவலி, இவை இரண்டையும் கழித்துவிட்டால் பூரண சௌக்கியம். மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், வந்ததும் நான் கிட்டாரை எடுத்து வாசிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேறு யாராவது சொல்லி நீ கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பதறாமல் படி. கிட்டார் பத்திரமாக இருக்கிறது.

ஹோட்டல் சாப்பாட்டுக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் வாசித்த என்னை, இனிமேல் பாட்டுப்பெட்டியே பாடிக்கொள்ளும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள் அல்லவா, அப்புறம் ஆறு மாதம் சும்மா உட்கார்ந்து, அவள் முகத்தை நானும் என் முகத்தை அவளும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், கிட்டார் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வயசு தெரியக் கூடாதென்று தலைக்குச் சாயம் வேறு பூசிக்கொண்டு போனேன். கொடுத்த வேலை என்ன தெரியுமா? புதுக் கிட்டாரைப் பழசாக்குவது. விளையாட்டில்லை அக்கா, சத்தியம். பளபளவென்று வருகிற கிட்டாரை உப்புத்தாளால் தேய்த்து, சாவிக்கொத்தால் கீறி, தேயிலைத் தண்ணீர் தடவினால் புதுசைவிட அதிக விலைக்குப் போகிறது. வாசித்துத் தேய்க்கப் பொறுமை இல்லாதவர்கள் தேய்ந்ததாகவே வாங்கிக்கொள்கிறார்கள். பக்கத்து மேஜைக்காரர் காலை முழுக்கப் பாலிஷ் போட்டதை நான் மத்தியானம் கீறுவேன். மனுஷர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. வீட்டில் வந்து சொன்னால் இவள், "இந்த வீட்ல பழசா ரெண்டு இருக்கு. ஒண்ணையாவது அங்க கொண்டுபோய்க் காட்டுங்களேன், யாராச்சும் வாங்கிப்பாங்க" என்கிறாள்.

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். நான்தான் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவன் ஆயிற்றே! உண்மையான தேய்மானம் எப்படி இருக்கும் என்று இவர்கள் பார்க்கட்டும் என்று நீ வாங்கிக்கொடுத்த கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒவ்வொரு கீறலையும் பரிசோதிக்க ஒருவர் இருக்கிறார், பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இயற்கையா இல்லயே சார்" என்றார். "முப்பத்தஞ்சு வருஷம் வாசிச்சதுங்க" என்றேன். "உண்மையா இருக்கலாம் சார், ஆனா நம்பற மாதிரி இல்ல. கை ஓடற எடம் தேயாம, முழங்கைய வைக்கிற எடந்தான் தேஞ்சு கெடக்கு" என்கிறார். உள்ளதைச் சொன்னேன். சாப்பிட ஆள் வருவது எட்டு மணிக்கு, நான் ஆறு மணியிலிருந்தே அதன்மேல் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். வாசித்துத் தேய்ந்ததைவிடக் காத்திருந்து தேய்ந்ததுதான் அதிகம். அதை வாய்விட்டுச் சொன்னபோது எனக்கே அவமானமாக இருந்தது அக்கா. ஆனால் மேலாளர் அம்மா காதில் அது விழுந்துவிட்டது. "இதுதாங்க வேணும், யோசிச்சு யாராலும் பண்ண முடியாது. இதே மாதிரி பன்னெண்டு பண்ணுங்க" என்றுவிட்டார். நம் கிட்டாரும் அதே தொழிற்சாலையில், அதே அச்சில் செய்ததுதானாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து பன்னிரண்டையும் என் கையாலேயே செய்தேன். முழங்கைத் தேய்மானம், இவள் இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்துச் சுட்ட வடு, ஒன்று விடவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்து நீ அதைக் கொண்டுவந்தபோது ஜன்னல் கம்பி பட்டு முதல் கீறல் விழுந்ததே, வழியெல்லாம் அழுதுவிட்டு, வாசலில் என்னைப் பார்த்ததும் "கடையிலயே அப்படித்தான்டா இருந்துச்சு" என்று சாதித்தாயே, அந்தக் கீறலையும் பன்னிரண்டு தடவை போட்டேன். ஒவ்வொரு தடவையும் கை நடுங்கியது. அந்த நடுக்கம்தான் ரொம்ப இயற்கை என்று பூதக்கண்ணாடி பாராட்டினார்.

கம்பிகளைக் கழற்றிப் பதின்மூன்றையும் ஒரே கழியில் வரிசையாக மாட்டியிருந்தோம். தரை துடைக்கிற அம்மா, சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்ற நல்ல மனசோடு எல்லாவற்றையும் இறக்கி, துடைத்து முடித்து, மறுபடி மாட்டிவிட்டார். எது நம்முடையது என்று தெரியவில்லை. திருதிருவென்று முழித்தேன். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "கண்ணக் கட்டிவிட்டாலும் தடவியே சொல்லிடுவேன்" என்றேன். கட்டிவிட்டார்கள். தன் வாயால்தான் தவளை கெடும். ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனேன், ஒன்றைத் தொட்டதும் கண்ணீரே வந்துவிட்டது. "இதுதான், என் உயிர்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். கண்கட்டை அவிழ்த்தால், நான் பிடித்திருந்தது பக்கத்தில் காயப்போட்டிருந்த புத்தம்புதுக் கிட்டார், சட்டையெல்லாம் காயாத வார்னிஷ். பாலிஷ்காரர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் முழங்கால் மடங்காமல் லீவு போட்டேன். அன்றைக்கென்று பார்த்துக் கடைக்குச் சரக்கு ஏற்ற லாரி வந்திருக்கிறது. அதற்கடுத்த நாள் போனால் கழியில் ஒன்றே ஒன்று தொங்குகிறது. "பன்னெண்டு போயிடுச்சு, மிச்சம் உங்களுதுதான்" என்றார்கள். யாரும் எடுக்காமல் மிஞ்சியதென்றால் அது என்னுடையதாகத்தான் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கம்பி மாட்டி வாசித்தேன். நாலாம் கம்பி வழக்கம்போல முனகியது. இவளும் அடுப்பைவிட்டுத் திரும்பாமலே "அதேதான்" என்றாள். ஆகவே நூற்றுக்கு நூறு நீ வாங்கிக்கொடுத்ததுதான். நிம்மதியாகக் கிளம்பி வா.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. வரும்போது ஒன்றும் வாங்கிக்கொண்டு வராதே, கையை வீசிக்கொண்டு வா.

இப்படிக்கு,
களைத்துப்போன உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் லாரிக்காரர் வந்து கதவைத் தட்டினார். கடையில் எண்ணினால் பதினொன்றுதான் இருந்ததாம். இன்னொன்று, தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிற மேஜைக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. "எது உங்களுதுன்னு பாத்து வச்சிக்கிட்டு இன்னொண்ண அனுப்பணுமாம் சார்" என்று கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கம்பி மாட்டி வாசித்தேன். முனகவே இல்லை, கணீரென்று பேசுகிறது. நம்முடையது இவ்வளவு நன்றாக என்றைக்குமே பேசியதில்லை, ஆகவே இது இல்லை என்று முடிவுகட்டும்போதே உள்ளேயிருந்து இவள், "அதேதான்" என்றாள். இரண்டும் கட்டிலில் கிடக்கின்றன. இரண்டுமே நம்முடையதாக இல்லாமலும் இருக்கலாம், அதை நினைக்கத் தெம்பில்லை. அக்கா, ஞாயிற்றுக்கிழமை நீ வந்து ஏதாவது ஒன்றைத் தொட்டு "இதுதான்டா" என்று சொல்லிவிடு. தெரியாவிட்டாலும் சொல்லு. நீ சொன்னதையே என் காலம் முடிகிறவரை வாசித்துக்கொண்டிருப்பேன்.