ஓரவஞ்சனை

கெட்டிக்காரனாக இருந்து பார்த்துவிட்டேன். பயனில்லை. ஆகவே இனி மண்டூகமாக இருப்பது என்று முடிவு செய்தேன்.

காரணம், என் மனைவி ஜுரேமாவின் வலது மணிக்கட்டு. செப்புக் கொப்பரையில் கொய்யாப்பாகு கிளறும்போது பிசகிவிட்டது. மருத்துவர் கட்டுப் போட்டார். ஒரு மாதத்துக்குக் குரோஷா பின்னல் ஊசியைத் தொடவே கூடாது என்றார். அவளுக்குத்தான் சொன்னார். எனக்குச் சொல்லவில்லை. ஜுரேமா அதைக் குறித்துக்கொண்டாள்.

மினாஸ் மலைப்பக்கத்தில், எங்கள் ஊரில், ‘ஆம்பளைக்கு இதெல்லாம் வராது’ என்று தப்பிக்க முடியாது. எங்கள் முடிவெட்டுகிறவர் ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில் நாலு கண்ணி பின்னுவார். பஸ் ஓட்டுகிறவர் கூட்டம் ஏறி முடிக்கும்வரை பின்னுவார். பணி ஓய்வு வரைக்கும் நூலில் மாட்டாமல் தப்பித்தவன் நான் ஒருவன்தான்.

திருவிழாவுக்குள் அவளுக்குப் பதில் நான் ஒரு மேஜைவிரிப்பைப் பின்னி முடிக்க வேண்டுமாம். அதுவரை அணைக்கட்டுப் பக்கம் போகக் கூடாதாம். ஞாயிறுதோறும் நண்பன் ஆதெமாருடன் அணைக்கட்டில் தூண்டில் போடுவது என் கல்யாண வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே சுதந்திரம். நான் யோசித்தேன். ஒருமுறை நன்றாகப் பின்னிக் காட்டினால் ஆயுள் முழுக்கப் பின்ன வேண்டும். ஒருமுறை கெடுத்துக் காட்டினால் ஆயுள் முழுக்க மீன்.

ஜுரேமா பாடத்தைத் தொடங்கினாள்.

“வரிசை முடிஞ்சதும் துணியைத் திருப்பு. மூணு சங்கிலி போட்டு மேல ஏறு. அந்த மூணும் சேர்ந்துதான் முதல் கண்ணி.”

“மூணு எப்படி ஒண்ணாகும்?”

“ஞாயித்துக்கிழமை மீன் பிடிக்கப் போகாம சர்ச்சுல பூசைக்குப் போயிருந்தா, பிதா சுதன் ஆவி எப்படி ஒண்ணுன்னு தெரிஞ்சிருக்கும்.”

அந்த மூன்று சங்கிலியே முதல் கண்ணி என்பதால், ஊசியை அதன் அடியில் குத்தக் கூடாது. அடுத்ததில்தான் குத்த வேண்டும். அடியில் குத்தினால் துணி அகலமாகும். வரிசையின் முடிவிலோ, கீழ்வரிசைச் சங்கிலியின் உச்சியில் கடைசிக் கண்ணியைப் போட வேண்டும். போடாவிட்டால் குறுகும். நேர் ஓரத்தின் ரகசியம் இவ்வளவுதான். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மண்டூகம் அப்படித்தான் கேட்கும்.

“அந்தச் சங்கிலி ஓரமா ஒதுங்கி நிக்கும், மறந்துடாதே,” என்றாள். “ரெண்டு பக்கமும் ஒரே அளவா விட்டுட்டே போனேன்னு வை, அழகா முக்கோணமாயிடும். அப்புறம் எந்த மேஜைக்கும் உதவாது, கிழவா.”

பாவம், தன் வாயாலேயே வழியைச் சொல்லிவிட்டாள். குரோஷாவில் பின்னுவதற்குப் பெயர் கண்ணி. பறவைக்கு வைப்பதற்கும் பெயர் கண்ணி. நான் இரண்டையும் ஒரே ஊசியில் வைத்தேன்.

ஒரு கண்ணியை மட்டும் விட்டால் மெதுவாகத்தான் குறுகும். எனக்கு அவசரம். தொடக்கத்தில் இரண்டு, முடிவில் இரண்டு என்று விட்டேன். இடையில் சலித்துப்போய்ச் சில வரிசைகளை ஒழுங்காகப் பின்னத் தோன்றியது. கொள்கை விடவில்லை. ஓரத்தை வஞ்சிப்பதுதான் ஓரவஞ்சனை என்றால், நான் இரண்டு ஓரத்தையும் பாரபட்சமில்லாமல் வஞ்சித்தேன்.

ஜுரேமா அவ்வப்போது அந்தப் பக்கம் போவாள்.

“ஓரம் சரியா வருதா?”

“வருது, வருது.”

“சரி.” குனிந்துகூடப் பார்க்க மாட்டாள். கணவன்மேல் அவ்வளவு நம்பிக்கை. எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

ஆதெமார் வேலிக்கு அப்பாலிருந்து மண்புழு டப்பாவை ஆட்டிக் காட்டினான். இன்றைக்கு முடிந்துவிடும், நாளை வருகிறேன் என்று சைகையில் சொன்னேன்.

அன்று மாலை மேஜைவிரிப்பு ஒரே கண்ணியில் வந்து முடிந்தது. கண்ணாடி முன் நின்று முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு, கூடத்துக்குப் போய் அதை மேஜையில் விரித்தேன். மேஜையின் மூன்று மூலைகள் மறைந்தன. ஒன்று என்னைப் பார்த்தது.

“என்னமோ ஆயிடுச்சு, கிழவி. கணக்கு தப்பிடுச்சு.”

அவள் திட்டவில்லை. இடது கையால் அதை எடுத்து உதறினாள். அடுப்படிப் பக்கம் திரும்பி, “அம்மா,” என்று கூப்பிட்டாள்.

வந்தவர் என் மாமியார், டோனா எஃபிஜேனியா. திருவிழாவுக்கென்று மத்தியான பஸ்ஸில் வந்திறங்கியவர். போன குளிர்காலத்தில் நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, வடிகட்டுகிற துணியை அலசின தண்ணியா என்று கேட்டவர். இனி அவர் தோளுக்கு என் வீட்டிலிருந்து ஒரு இழை நூல் போகாது என்று நான் அன்றே சபதம் செய்திருந்தேன்.

ஜுரேமா அந்த முக்கோணத்தை அவர் தோளில் போர்த்தினாள். இரண்டு முனைகள் மார்பில் வந்து சேர்ந்தன. மூன்றாவது முனை முதுகின் நட்டநடுவில் தொங்கியது. அளவெடுத்துப் பின்னிய சால்வைபோல் இருந்தது.

மாமியார் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ரெண்டு பக்கச் சரிவும் இவ்வளவு சீராகத் தன் மகளுக்குக்கூட வந்ததில்லை என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

ஜுரேமாவை அடுப்படிக்கு இழுத்துப் போனேன்.

“மேஜைவிரிப்புன்னுதானே சொன்னே?”

“சொன்னேன். நேராப் பின்னுன்னா நீ கோணலாத்தானே பின்னுவே? முக்கோணம் பின்னுன்னு கேட்டிருந்தா சதுரமா கொண்டுவந்து குடுத்திருப்பே.”

நான் கதவுப் பக்கம் பார்த்தேன்.

“பயப்படாதே,” என்றாள் அவளே. “நேர் ஓரம் வேண்டிய வேலை எதுவும் இனிமே உனக்குக் கிடையாது.”

தோற்றாலும் நான் கேட்டது கிடைத்துவிட்டது. கதவுக்குப் பின்னால் இருந்த தூண்டிலை எடுத்தேன்.

“அதை வச்சுட்டு உக்காரு, கிழவா,” என்றாள் ஜுரேமா. “அம்மாவோட தங்கச்சிங்களுக்கும் குளிருதாம்.”