கிண்டிக் காட்டில் நான் விரட்டிய ஆடுகள்

என் கணவருக்குக் கிடைக்கவிருந்த சர்க்கார் உத்தியோகத்தைக் கெடுத்த புண்ணியவதி நான்தான். ஒரு மந்தை ஆட்டை விரட்டியதில் அது போயிற்று. (அவை ஆடுகளே அல்ல என்பது பிற்பாடுதான் தெரிந்தது.)

முப்பதுகளில் நடந்தது. கல்யாணமாகி நாலு மாதம். அவர் பி.ஏ. படித்தவர்; நான் சூலூரில் சோளக்காட்டுப் பரணில் கிளி விரட்டி வளர்ந்தவள். உத்தியோகம் தருவதாகச் சொல்லியிருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி, சென்னைப் பட்டணத்தில் தன் வீட்டுக்குத் தேநீர் விருந்துக்கு வரச் சொல்லியிருந்தார். மனைவியையும் அழைத்து வர வேண்டுமாம்.

ரயிலில் கணவர் சொன்னார்: "தொரை ஊட்டுக்குப் பக்கத்துல கவர்னரோட காடு இருக்குது, அம்மணி. கடல்காத்து சிலுசிலுன்னு வரும். நீ சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

காடு என்றால் எங்கள் பக்கம் விளைநிலம். கவர்னரும் நம்மைப்போலச் சோளம் போடுகிறார் என்று எனக்கு அவர்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

துரை வீட்டுப் புல்வெளியில் பத்துப் பதினைந்து துரைகளும் துரைசானிகளும் உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். புதர்களுக்குள்ளிருந்து பழுப்பு நிறத்தில், கொம்பில்லாமல், ஏழெட்டு வெள்ளாடுகள் வந்து பூச்செடி ஓரம் வாய் வைத்தன. ஒருவரும் அசையவில்லை. பாவம், வெள்ளைக்காரர்களுக்கு ஆடு விரட்டக்கூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன். துரையின் தோட்டத்தைக் காப்பாற்றினால் உத்தியோகம் இன்றைக்கே கையில்!

முந்தானையை இழுத்துச் செருகினேன். "ஏய்ய்! ட்ரியோ! ட்ரியோ!" மேசையிலிருந்த பன் ஒன்றையும் குறிபார்த்து வீசினேன்.

ஆடுகள் ஓடவில்லை, பறந்தன. ஒன்று தேநீர் மேசையைத் தாண்டியது. இன்னொன்று தாண்டவில்லை. கேக்கோடு சேர்ந்து ஒரு துரைசானி புல்லில் கிடந்தாள். கடைசியாக முறுக்குக் கொம்போடு ஒரு கறுப்புக் கிடா, துரையின் தொப்பியை மிதித்துக்கொண்டு போயிற்று. அந்தக் கொம்பைப் பார்த்ததும்தான், கையிலெடுத்திருந்த இரண்டாவது பன்னை முந்தானைக்குள் மறைத்தேன்.

துரை வீட்டுச் சமையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா நீ! மானும்மா அது! சீமையிலேர்ந்து வந்தவங்களுக்குக் காட்டணும்னு, ஒரு மாசமா கடலை போட்டுப் பழக்கி வச்சிருந்தாரு தொரை!"

துரை என் கணவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கை வாசலைக் காட்டியது.

ரயில் ஈரோட்டைத் தாண்டியது. பிறகு நான்தான், "ஏனுங்க, ஊர்ல கேட்டா என்னங்க சொல்றது?" என்றேன்.

"நீ ஒண்ணும் சொல்லவேண்டாம், தாயே" என்று கும்பிட்டார்.

ஊரில் கேட்டார்கள். "வெள்ளைக்காரன் முன்னால கைகட்டி நிக்க முடியாதுன்னு சொல்லிப்போட்டு வந்துட்டனுங்க" என்றார் இவர், கண்ணை மூடிக்கொண்டு. அடுத்த வாரமே கதர்ச் சட்டை தைத்தார். அதற்கடுத்த வாரம் கழுத்தில் மாலை விழுந்தது.

சுதந்திரம் வந்த பிறகும் மாலைகள் நிற்கவில்லை. இன்றைக்கும் எந்த மேடையிலாவது, "சர்க்கார் உத்தியோகத்தைத் தேசத்துக்காகத் தூக்கியெறிந்த தியாகி" என்று யாராவது இவரைப் பற்றி ஆரம்பித்தால் போதும், கடைசி வரிசையிலிருந்து எங்கள் பிள்ளைகள் மூவரும் மெதுவாகக் குரல் கொடுப்பார்கள்:

"மே...ஏ...ஏ..."