பதினோரு மணி அழுத்தம்

மனித உயிரின் விலை என்ன என்று ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்ட காலம் மலையேறிவிட்டது. மூன்று லட்சத்து நாற்பதாயிரம். வரி தனி.

இந்த மகத்தான உண்மையை உலகுக்கு அறிவித்தவர், ஆஸ்பத்திரியின் கண்ணாடி அறையில் வீற்றிருந்த ‘பேக்கேஜ் ஆலோசகர்’. எதிரே ஜவுளிக்கடைக்காரரும் அவர் மனைவியும். கடைக்காரரின் இடது சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. கோபம் வந்தால் போதும், ரத்த அழுத்தத்தைக் கூரைக்கு ஏற்றிவிடும்.

“வயித்தைக் கிழிக்கவே மாட்டோம் சார். சின்னதா மூணு துளை, அவ்வளவுதான்.”

“கிழிச்சா எவ்வளவு?”

“ரெண்டு லட்சம்.”

“முழ நீளம் கிழிச்சா ரெண்டு, பொட்டுத் துளைக்கு மூணரையா? எங்க கடையில கொஞ்சமாக் கிழிச்சா கொஞ்சமாத்தான் வாங்குவோம். சரி, ரெண்டு துளையில முடிச்சுக் குடுங்க.”

“மூணாவது கேமரா போற வழி சார்.”

“கத்தரி போற வழியிலேயே அதுவும் போகட்டுமே. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?”

நர்ஸ் அவர் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தார். இருநூற்று இருபது.

“இந்த அழுத்தத்துல மயக்க மருந்து குடுத்தா டேபிள்லயே போயிடுவீங்க,” என்றார் சர்ஜன். “இங்கேயே தங்கி மாத்திரை சாப்பிடுங்க. இறங்கினதும் ஆபரேஷன்.”

மாத்திரை நல்ல மாத்திரை. காலை பத்து மணிக்கெல்லாம் அழுத்தம் சாதுவாக இறங்கி நிற்கும். பதினோரு மணிக்கு, நிர்வாகத்தின் ‘ஒளிவுமறைவற்ற கொள்கை’ப்படி, ஆலோசகர் புன்னகையோடு வந்து அன்றுவரை ஆன செலவை உரக்க வாசித்துக் கையெழுத்து வாங்குவார். அழுத்தம் கூரைக்குப் போகும். ஆபரேஷன் தள்ளிப்போகும். மறுநாள் அறை வாடகை சேர, வாசிக்க இன்னும் பெரிய தொகை கிடைக்கும். இந்தப் புனிதச் சடங்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பதினோராம் நாள் மனைவி வாசலிலேயே ஆலோசகரை மறித்தார். “தம்பி, அந்தக் காகிதத்தை என்கிட்ட குடுங்க. உள்ள போனீங்கன்னா உங்களுக்கும் பக்கத்துலயே ஒரு பெட் போட வேண்டியிருக்கும்.”

பிறகு கணவரிடம் வந்தார். “என்னங்க, இன்ஷூரன்ஸ்காரங்க முழுசாக் குடுத்துட்டாங்களாம். நம்ம கைக்காசு ஒரு பைசா வேண்டாம்.”

“நெஜமாவா?”

“உங்ககிட்ட என்னைக்குப் பொய் சொன்னேன்?”

அதுவே ஒரு பொய். ஆனாலும் என்ன மருந்து! நூற்றுப் பதினெட்டு. மறுநாள் காலை மூன்று துளை போட்டார்கள், கட்டி வெளியே வந்தது, ஆள் பிழைத்தார்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில்தான் மனைவி உண்மையைச் சொல்லிப் பில்லை நீட்டினார். கடைக்காரர் நிதானமாகப் படித்துவிட்டு ஆலோசகரிடம் போனார். கட்டி போய்விட்டதால் கோபப்பட முடிந்தது, செத்துப்போகத்தான் முடியவில்லை.

“தம்பி, அழுத்தத்தை இறக்கினதுக்குப் போட்டிருக்கீங்க. தினம் வந்து ஏத்திவிட்டீங்களே, அதுக்கு எங்க?”

“அதுக்கெல்லாம் நாங்க சார்ஜ் பண்றதில்ல சார்.”

“அதையும் எழுதிக் குடுங்க.”

ஆலோசகர் பெருமையோடு அச்சடித்து, முத்திரை குத்திக் கொடுத்தார்:

துளைகள், மூன்று: 3,40,000.
அழுத்தம் இறக்கியது, பதினோரு நாள்: 4,18,000.
அழுத்தம் ஏற்றியது, பத்து முறை: இலவசம்.